ஆய்வகத்தில் வளரும் இரத்தக் குழாய்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திசுப் பொறியியல் பற்றிக் கல்லூரிகளிலும் பொதுக்கூட்டங்களிலும் பேசிவிட்டு மேடையிலிருந்து இறங்கும்போது என்னிடம் வருகிற ஐயங்கள் பெரும்பாலும் ஒரே வகை. அவற்றை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். ஒரு பதிலில் விளக்கியதை இன்னொன்றில் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைக் குறித்திருக்கிறேன்.

1. ஆய்வகத்தில் சிறுநீரகம் வளர்த்துவிட்டார்கள் என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறது. மருத்துவமனைக்கு மட்டும் ஏன் வரவில்லை?

அந்தச் செய்திகளில் வருவது பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு திசு உருண்டை. 2015 இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மனித ஸ்டெம் செல்களிலிருந்து உருவாக்கிய சிறுநீரக மாதிரியில், வடிகட்டும் முடிச்சுகளின் தொடக்க நிலையும் நுண்குழல்களும் இருந்தன. அது பெரிய சாதனைதான். ஆனால் கருவிலிருக்கும் குழந்தையின் சிறுநீரகத் திசுவை ஒத்த அந்த உருண்டையை அப்படியே பெரிதாக வளர்க்க முடியாது. ஓர் அளவைத் தாண்டினால் நடுப்பகுதி செத்துவிடும்.

காரணம், உள்ளே இரத்தம் போய்வர வழியில்லை. கல்லீரல் செல், இதயத் தசைச் செல், சிறுநீரகச் செல் ஆகியவற்றை வளர்க்க ஓரளவு கற்றுக்கொண்டுவிட்டோம். அவற்றுக்குச் சோறும் காற்றும் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியை அமைப்பதில்தான் இந்தத் துறை முப்பது ஆண்டுகளாகத் திணறுகிறது. உறுப்பு வளர்ப்பைப் பற்றி யார் பேசினாலும், நான் முதலில் பார்ப்பது இரத்தக் குழாய்க்கு என்ன செய்தார்கள் என்பதைத்தான்.

2. ஒரு செல் இரத்தக் குழாயிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி இருக்கலாம்?

ஏறக்குறைய 100 முதல் 200 மைக்ரான் வரை. ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். ஆக்சிஜன் குழாயிலிருந்து கசிந்து திசுவுக்குள் பரவும்போது, வழியிலிருக்கும் ஒவ்வொரு செல்லும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. அந்த எல்லைக்கு அப்பால் இருக்கும் செல்லுக்கு மிச்சம் இருப்பதில்லை. ஓயாமல் வேலை செய்யும் இதயத் தசையில் எல்லை இன்னும் குறுகியது; அங்கே ஏறத்தாழ ஒவ்வொரு தசைச் செல்லுக்குப் பக்கத்திலும் ஒரு நுண்குழாய் ஓடுகிறது.

1971 இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் இதைப் புற்றுநோயில் சுட்டிக்காட்டினார். கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடுகிறது. அக்கம்பக்கத்துக் குழாய்களிலிருந்து புதிய கிளைகளைத் தன் பக்கம் இழுத்த பிறகே பெரிதாகிறது என்றார். தொடக்கத்தில் பலர் நம்பவில்லை. இன்று அந்தக் கருத்தின் மேல் ஒரு மருத்துவத் துறையே நிற்கிறது.

3. அப்படியானால் தோலையும் கருவிழியையும் மட்டும் எப்படி வளர்த்துப் பொருத்துகிறார்கள்?

அவை மெல்லியவை. 1998 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆப்லிகிராஃப் என்ற ஆய்வகத் தோல், ஆறாத கால்புண்ணின் மேல் வைக்கப்படுகிறது. கீழிருக்கும் திசுவிலிருந்தே அதற்கு ஊட்டம் கிடைத்துவிடும். கருவிழியில் இயல்பாகவே இரத்தக் குழாய் கிடையாது. ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனம், கருவிழி ஓரத்து ஸ்டெம் செல்களை வளர்த்துப் பொருத்தும் சிகிச்சையை 2000 களின் தொடக்கத்திலிருந்து செய்துவருகிறது. குருத்தெலும்பும் குழாய் இல்லாத திசுதான். குழாய் தேவைப்படாத இடங்களில் முதலில் வென்றோம். தேவைப்படும் இடங்கள் அப்படியே காத்திருக்கின்றன.

4. குழாய்தானே வேண்டும்? பிளாஸ்டிக்கில் செய்து வைத்துவிடக் கூடாதா?

பெரிய குழாய்க்கு ஆகும். மகாதமனி வீங்கினால் டெக்ரான் துணிக்குழாயைத் தைத்துவிடுகிறார்கள். அது பல ஆண்டுகள் உழைக்கிறது. உள்விட்டம் 6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் செயற்கைக் குழாய்களில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் ஆபத்து வெகுவாகக் கூடுகிறது. அதனால்தான் இதய பைபாஸ் அறுவையில் நோயாளியின் சொந்தக் காலிலிருந்தும் மார்பிலிருந்தும் குழாயை எடுக்கிறார்கள்.

இயற்கைக் குழாய் அடைக்காமல் இருப்பதற்குக் காரணம், அதன் உட்புறத்தில் ஒற்றை அடுக்காகப் படர்ந்திருக்கும் எண்டோதீலியல் செல்கள். இவை நைட்ரிக் ஆக்சைடையும் உறைதலைத் தடுக்கும் வேறு பொருள்களையும் இடைவிடாமல் சுரக்கின்றன. நைட்ரிக் ஆக்சைடு இரத்தக் குழாயைத் தளர்த்தும் சமிக்ஞை என்று கண்டறிந்ததற்குத்தான் 1998 இன் மருத்துவ நோபல் பரிசு.

இனி நுண்குழாயைப் பாருங்கள். அதன் உள்விட்டம் 5 முதல் 10 மைக்ரான். 7, 8 மைக்ரான் அகலமுள்ள சிவப்பணு பல இடங்களில் உடலை வளைத்துத்தான் நுழைய வேண்டும். சுவர் ஆக்சிஜனை வெளியே விட வேண்டும், வெள்ளணு வெளியேற இடம் கொடுக்க வேண்டும், இரத்தம் மட்டும் கசியக் கூடாது. உயிருள்ள செல்லைத் தவிர வேறெதுவும் இதைச் செய்வதில்லை. எனவே, தைத்து இணைக்கக்கூடிய ஒற்றைப் பெரிய குழாய், திசுவுக்குள் பின்னிப் படரும் நுண்குழாய் வலை என்று இரண்டு தனித்தனி வேலைகள் இதில் உண்டு. கீழே வரும் பதில்களில் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று கவனித்துக்கொள்ளுங்கள்.

5. இந்த மனிதச் செல்களை எங்கிருந்து எடுக்கிறார்கள்? யாரையாவது அறுத்தா?

இல்லை. இன்றும் அதிகம் பயன்படும் மூலம், பிரசவத்துக்குப் பின் கழிவாகப் போகும் தொப்புள்கொடி. 1973 இல் நியூயார்க்கில் எரிக் ஜாஃபியும் உடன் பணியாற்றியவர்களும் கொடியின் சிரைச் சுவரிலிருந்து எண்டோதீலியல் செல்களைப் பிரித்து வளர்க்கும் முறையை வெளியிட்டார்கள். ஆய்வகங்களில் இந்தச் செல்களை ஹூவெக் என்றே அழைப்பார்கள். தாயின் ஒப்புதலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் கட்டாயம்.

கொடி குளிர்ந்த உப்புக் கரைசலில் ஒரு டப்பாவில் வந்து சேரும். நுனியை வெட்டிப் பார்த்தால் மூன்று துளைகள்: தடித்த சுவரோடு இறுகிக் கிடக்கும் இரண்டு தமனிகள், வாய் தளர்ந்து கிடக்கும் ஒரு சிரை. சிரைக்குள் மழுங்கிய ஊசியைச் செருகி நூலால் கட்டி, இரத்தச் சாயம் போய்த் தெளிவாக வரும்வரை கழுவ வேண்டும். பிறகு கொலாஜனேஸ் என்ற நொதியை உள்ளே நிரப்பி, மறுமுனையைக் கிளிப் போட்டு மூடி, 37 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்க வேண்டும். நேரம் கூடினால் கீழ் அடுக்கிலிருக்கும் தசைச் செல்களும் நார்ச் செல்களும் கழன்று வந்து தட்டையே பிடித்துக்கொள்ளும். வெளியே எடுத்துக் கொடியை விரல்களால் மெல்ல நீவி, உள்ளிருப்பதைக் கழுவி எடுத்துச் சுழற்றினால் சோதனைக் குழாயின் அடியில் இளஞ்சிவப்பாகக் கொஞ்சம் படிவு. ஜெலட்டின் பூசிய தட்டில் அதை இட்டு, மறுநாள் சிவப்பணுக்களைக் கழுவிவிட்டால், திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும் செல்கள் தெரியும். சில நாட்களில் தட்டு முழுவதும் ஒற்றை அடுக்காக, இடைவெளியில்லாமல் நிறைந்துவிடும்.

ஐந்தாறு முறை பிரித்து வளர்த்ததும் இவை தளர்ந்துவிடும். பெருகும் வேகமும் குணமும் மாறும். அதனால் தொப்புள்கொடி இரத்தத்தில் அரிதாக உள்ள எண்டோதீலிய முன்னோடிச் செல்கள், ஐபிஎஸ் செல்கள் என்று வேறு மூலங்களையும் பயன்படுத்துகிறார்கள். ஐபிஎஸ் என்பது, வளர்ந்தவரின் தோல் அல்லது இரத்தச் செல்லை ஜப்பானிய ஆய்வாளர் யமனாகாவின் முறையில் கருநிலைக்குத் திருப்பியது. மனிதச் செல்களில் இது 2007 இல் சாத்தியமாயிற்று. அதிலிருந்து எண்டோதீலியல் செல்லை உருவாக்க முடியும்.

6. குழந்தை பிறந்தபோது தொப்புள்கொடி இரத்தத்தைப் பணம் கட்டிச் சேமித்து வைத்தோம். பிற்காலத்தில் அதிலிருந்து இரத்தக் குழாய் செய்துகொள்ளலாமா?

அந்த நம்பிக்கையில் பணம் கட்டியிருந்தால் வருத்தத்தோடு சொல்கிறேன்: இன்று அப்படிப்பட்ட சிகிச்சை இல்லை. அங்கே சேமிக்கப்படுவது முக்கியமாக இரத்தம் உருவாக்கும் ஸ்டெம் செல்கள். முந்தைய பதிலில் சொன்ன ஹூவெக் செல்கள் சிரையின் சுவரில் இருப்பவை. சேமித்த இரத்தப் பையில் அவை இருக்காது. எதிர்காலத்தில் சொந்தத் தேவைக்கு என்று கொடி இரத்தத்தைத் தனியாரிடம் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பரிந்துரைப்பதில்லை. இரத்த நோயுள்ள மூத்த குழந்தை வீட்டில் இருப்பது போன்ற நிலைமை வேறு. அதை மருத்துவரிடம் பேசுங்கள்.

7. தட்டில் கிடக்கும் செல்லுக்குக் குழாயாக மாற வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1980 இல் ஃபோக்மனும் ஹௌடன்ஷில்டும், நுண்குழாய்ச் செல்கள் வளர்ப்புத் தட்டிலேயே தாமாகக் குழாய்களாக இணைவதைக் காட்டினார்கள். குழாயாவது அந்தச் செல்லின் பிறவிக் குணம். நாம் கொடுக்க வேண்டியது இடமும் சமிக்ஞையும்.

இடம் என்றால் தட்டையான பிளாஸ்டிக் அல்ல, மென்மையான ஜெல். காயத்தில் இரத்தம் உறையும்போது உருவாகும் அதே ஃபைப்ரினைப் பயன்படுத்துவது வழக்கம். அதற்குள் எண்டோதீலியல் செல்களையும் நார்ச் செல்களையும் கலந்து ஊற்றி நுண்ணோக்கியில் பார்த்துவந்தால், தொடக்கத்தில் எல்லாம் தனித்தனி உருண்டைகளாக மிதக்கும். பிறகு ஒவ்வொன்றும் நீண்டு, கை நீட்டிப் பக்கத்துச் செல்லைத் தொடும். செல்லுக்குள் சிறுசிறு குமிழ்கள் தோன்றி ஒன்றோடொன்று சேரும். அடுத்த செல்லின் குமிழோடும் இணையும். அந்த வெற்றிடமே குழாயின் உட்புறமாகிவிடும். ஒரு வாரத்தில் கிளை பிரிந்த வலை ஒன்று ஜெல் முழுக்கப் பரவியிருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

சமிக்ஞைகளில் முதன்மையானது வி.இ.ஜி.எஃப். என்ற புரதம். ஆக்சிஜன் குறையும்போது திசுவின் செல்களே இதைச் சுரந்து குழாயை அழைக்கின்றன. செல்கள் ஆக்சிஜன் குறைவை உணரும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2019 இல் நோபல் பரிசு கிடைத்தது.

8. அந்தப் புரதத்தையே ஊசியாகப் போட்டால் இதயத்தில் புதுக் குழாய் முளைக்காதா? செல்களை வளர்க்கும் சிரமமே வேண்டாமே!

முயன்று பார்த்துவிட்டார்கள். விவா என்ற ஆய்வின் முடிவு 2003 இல் வெளியானது. ஆஞ்சைனா என்ற நெஞ்சுவலியுள்ள இதய நோயாளிகளுக்கு வி.இ.ஜி.எஃப். கொடுத்ததில், 60 நாட்கள் கழித்து உடற்பயிற்சித் திறனில் வெற்று மருந்து பெற்றவர்களைவிட மேலான முன்னேற்றம் தெரியவில்லை. புரதம் உடலில் விரைவில் சிதைந்துவிடுகிறது. அளவைக் கூட்டினால் ஒழுகும், கோணலான குழாய்கள் உருவாகின்றன. குழாய் முளைப்பதற்கு ஒரு சமிக்ஞை, முதிர்வதற்கு வேறு, உரிய நேரத்தில் நிற்பதற்கு இன்னொன்று என்று தேவைப்படுகிறது. ஒற்றை மருந்தால் அந்த வரிசையைக் கொடுக்க முடியவில்லை.

9. தானாகவே குழாய் உருவாகிவிட்டது என்றால் பிரச்சினை தீர்ந்ததுதானே?

அங்கேதான் தொடங்குகிறது. எண்டோதீலியல் செல்களால் மட்டும் ஆன குழாய் நிலைப்பதில்லை. உடலில் ஒவ்வொரு நுண்குழாயையும் வெளிப்புறத்திலிருந்து பெரிசைட் என்ற செல்கள் அணைத்துப் பிடித்திருக்கும். சற்றுப் பெரிய குழாய்களைச் சுற்றி மென்தசைச் செல்கள் இருக்கும். இந்தத் துணை இல்லாவிட்டால் குழாய் ஒழுகும், பிறகு கலைந்துவிடும்.

இதைத் தெளிவாகக் காட்டியது 2004 இல் பாஸ்டனில் ராகேஷ் ஜெயின் குழுவினர் செய்த ஆய்வு. ஹூவெக் செல்களை மட்டும் ஜெல்லில் வைத்து எலிகளில் பொருத்தியபோது குழாய்களில் இரத்தம் சரியாக ஓடவில்லை. 60 நாட்களில் அவை மறைந்துவிட்டன. பெரிசைட் போல மாறக்கூடிய துணைச் செல்களைச் சேர்த்தபோது அதே குழாய்கள் ஓராண்டு வரை இரத்தம் ஓட நிலைத்திருந்தன. அந்தத் துணைச் செல்கள் எலியிலிருந்து வந்தவை. அடுத்த சில ஆண்டுகளில் மற்ற குழுக்கள் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த மனித மெசன்கைமல் செல்களைக் கொண்டு அதைச் செய்தார்கள்.

இன்னொரு தேவை, ஓட்டம். திரவம் ஓடினால் எண்டோதீலியல் செல்கள் அதன் திசையில் நீண்டு வரிசையாகின்றன, சுவர் இறுகுகிறது. ஓட்டமில்லாத கிளைகள் சுருங்கி மறைகின்றன. 2019 இல் ஹார்வர்டில், முதல் கேள்வியில் சொன்ன வகைச் சிறுநீரக உருண்டைகளை ஒரு சிறு பெட்டியில் வைத்து மேலே திரவத்தை ஓடவிட்டார்கள். அசையாமல் வைத்தவற்றைவிட அவற்றில் குழாய் வலை செழித்து வளர்ந்தது.

10. முப்பரிமாண அச்சு இயந்திரம் இருக்கிறதே, குழாயோடு சேர்த்து உறுப்பை அச்சிட்டுவிடலாமே?

குழாய்க்கான வழியை அச்சிடலாம். நுண்குழாயை அச்சிடுவது கடினம். நடந்த முயற்சிகளில் அழகானது 2012 இல் பென்சில்வேனியாவில் ஜோர்டன் மில்லரும் கிறிஸ்டஃபர் சென்னும் செய்தது. சீனியும் குளுக்கோஸும் டெக்ஸ்ட்ரானும் கலந்து, நம் சமையலறைக் கம்பிப் பதத்தையெல்லாம் தாண்டிக் காய்ச்சிய பாகு போன்ற ஒன்றை, சூடாக இழுத்து வலைச் சட்டகமாக அச்சிட்டார்கள். ஆறியதும் அது கண்ணாடி போல இறுகிவிடும். அதைச் சுற்றிச் செல்கள் கலந்த ஜெல்லை ஊற்றி, ஜெல் உறைந்தபின் சீனியைக் கரைத்து வெளியேற்றினால் உள்ளே ஒன்றோடொன்று இணைந்த வெற்று வழிகள் மிஞ்சும். அவற்றுக்குள் ஹூவெக் செல்களைச் செலுத்தினால் உட்சுவரெங்கும் ஒட்டிப் படர்ந்துவிடும். ஹார்வர்டில் ஜெனிஃபர் லூயிஸ் குழு, குளிர்வித்தால் திரவமாகும் மையைக் கொண்டு இதே வழியில் சென்று, 2016 இல் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமனுள்ள மனிதச் செல் திசுவை ஆறு வாரங்களுக்கு மேல் திரவம் ஓட்டிக் காத்தது.

இப்படி அச்சாகும் வழிகளின் அகலம் பெரும்பாலும் நூறு மைக்ரானுக்கு மேல். நுண்குழாயோ பத்து மைக்ரானுக்குள். ஆகவே பெரிய வழிகளை அச்சிட்டு, அவற்றுக்கு இடைப்பட்ட ஜெல்லில் ஏழாம் பதிலில் சொன்னபடி செல்களே நுண்வலையைப் பின்னும்படி விட்டு, இரண்டையும் இணையச் செய்ய முயல்கிறார்கள். சரியான வழி இதுதான் என்று நான் நினைக்கிறேன். அந்த இணைப்பு எல்லா இடத்திலும் ஒழுகாமல் அமைவதே இன்னும் கைகூடாத பகுதி.

11. உடலுக்குள் வைத்ததும் நம் இரத்தம் தானாக அந்தக் குழாய்களுக்குள் போய்விடுமா?

சில நேரங்களில் போகும். முன்கூட்டியே குழாய் வலை உருவாகியிருந்தால், நோயாளியின் குழாய்களும் புதிய குழாய்களும் முனையோடு முனை இணைந்துகொள்கின்றன. 2013 இல் யோகோஹாமாவில் டகேபே குழு, ஐபிஎஸ் கல்லீரல் செல், ஹூவெக், மெசன்கைமல் செல் மூன்றையும் கலந்து உருவாக்கிய கல்லீரல் மொட்டை எலிகளில் பொருத்தியபோது, 48 மணி நேரத்தில் இரத்தம் ஓடத் தொடங்கியது. சிறிய மொட்டு என்பதால் அதுவரை தாங்கியது. குழாய் வலையே இல்லாத திசு என்றால் நோயாளியின் குழாய்கள் ஓரத்திலிருந்து முளைத்து உள்ளே வர நாட்கள், வாரங்கள் ஆகும். நடுவிலிருக்கும் செல்லுக்கோ சில மணி நேரம்தான் அவகாசம்.

அதனால் தடித்த திசுவுக்கு, முதல் நிமிடத்திலிருந்தே இரத்தம் ஓடும்படி அறுவை மருத்துவர் தைத்து இணைக்கக்கூடிய ஒரு தமனியும் ஒரு சிரையும் வேண்டும். நான்காம் பதிலில் பிரித்துச் சொன்ன இரண்டு வேலைகளும் ஒரே திசுவில் சேர வேண்டியது இங்கேதான். இடைக்கால உத்திகளும் உண்டு. அந்தோணி அட்டாலா குழு ஏழு பேருக்கு வளர்த்துப் பொருத்திய சிறுநீர்ப்பைகளைப் பற்றி 2006 இல் வெளியிட்டது. வயிற்றுக்குள் இரத்த ஓட்டம் மிகுந்த கொழுப்புப் போர்வையான ஒமென்டத்தைச் சுற்றி வைத்தவை மேலாக இருந்தன. ஆனால் 2014 இல் வெளியான அடுத்த ஆய்வில் எதிர்பார்த்த பயன் கிடைக்கவில்லை, பக்கவிளைவுகளும் கடுமையாக இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

12. ஸ்வீடனில் செயற்கை மூச்சுக்குழாய் வைத்தவர்கள் இறந்தார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

முறை வேறு. ஆனால் இரத்தக் குழாயை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று இல்லை. 2011 இல் ஸ்டாக்ஹோமில் பாவ்லோ மாக்கியாரினி என்ற அறுவை மருத்துவர், பிளாஸ்டிக் குழாயில் நோயாளியின் எலும்பு மஜ்ஜைச் செல்களைத் தூவிப் பொருத்தினார். செல்கள் தாமாகப் பற்றிக்கொண்டு உயிருள்ள மூச்சுக்குழாயாகிவிடும் என்று சொல்லப்பட்டது. அந்தக் குழாய்க்கு இரத்த ஓட்டம் ஏற்பட வழியே இல்லை, திசு பிடிக்கவில்லை. அங்கே அறுவை செய்துகொண்ட மூவரும் பின்னாளில் இறந்தார்கள். 2023 இல் ஸ்வீடனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. விலங்குகளில் போதிய சான்று இல்லாமல் மனிதர்களிடம் போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

13. கீரை இலையில் இதயம் வளர்க்கிறார்கள் என்று படித்தேன். உண்மையா?

இதயம் இல்லை, ஒரு நல்ல செயல்விளக்கம். 2017 இல் அமெரிக்காவின் வூஸ்டர் பல்தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில், பசலை வகைக் கீரையின் செல்களைச் சோப்புக் கரைசலால் கழுவி நீக்கி, நரம்பு வலையை மட்டும் விட்டு, அதில் மனித எண்டோதீலியல் செல்களைப் படரவிட்டார்கள். மேற்பரப்பில் இதயத் தசைச் செல்கள் துடித்தன. இலைக்கு உள்வரும் வழி உண்டு, இரத்தம் திரும்பிச் செல்லும் வழி இல்லை. பன்றி, எலி உறுப்புகளை இப்படிக் கழுவி மறுபடி செல் நிரப்பும் முயற்சிகளும் உண்டு. அவற்றில் கோடிக்கணக்கான நுண்குழாய்களின் உட்சுவரை ஓர் இடம் விடாமல் மூட வேண்டும். மூடாத இடத்தில் இரத்தம் உறைந்துவிடும்.

14. வேறொரு குழந்தையின் தொப்புள்கொடிச் செல்லை என் உடல் ஏற்றுக்கொள்ளுமா?

ஏற்காது. உறுப்பு மாற்றத்தில் நம் வெள்ளணுக்கள் முதலில் சந்திப்பது எண்டோதீலியல் செல்லைத்தான். நிராகரிப்பின் முதல் தாக்குதலும் அங்கேதான். எலிச் சோதனைகள் வெற்றிபெறக் காரணம், அந்த எலிகளுக்கு எதிர்ப்பு சக்தி இல்லாதபடி வளர்த்திருப்பது. செய்தியில் இந்த ஒரு வரி விட்டுப்போவது வழக்கம்.

தீர்வுகள் மூன்று திசையில் தேடப்படுகின்றன. நோயாளியின் சொந்தச் செல்லிலிருந்து செய்வது பாதுகாப்பானது, ஆனால் மாதக்கணக்கில் ஆகும், செலவும் மிகுதி. அடையாளப் புரதங்களை மரபணுத் திருத்தத்தால் நீக்கி, யாருக்கும் பொருந்தும் செல்லை உருவாக்குவது இரண்டாவது. செல்லை வைத்துக் குழாயை வளர்த்துவிட்டு, இறுதியில் செல்லையே நீக்கிவிடுவது மூன்றாவது. இந்த மூன்றாவது வழிதான் முதலில் அனுமதி பெற்று மருத்துவமனையை எட்டியிருக்கிறது.

15. இதுவரை ஒரு நோயாளிக்காவது பயன்பட்டிருக்கிறதா?

பயன்பட்டிருக்கிறது, பெரிய குழாய்களில். டோக்கியோவில் ஷினோகா குழு, பிறவி இதயக் குறையுள்ள நான்கு வயதுச் சிறுமிக்கு, அவளுடைய சிரையிலிருந்து எடுத்த செல்களைக் கரையும் பாலிமரில் வளர்த்து நுரையீரல் தமனியில் பொருத்தியதை 2001 இல் அறிவித்தது. 2009 இல், நோயாளிகளின் சொந்தத் தோல் செல்களைத் தாள்களாக வளர்த்துச் சுருட்டிச் செய்த குழாய்களை, டயாலிசிஸ் நோயாளிகள் பத்துப் பேருக்குப் பொருத்திய முடிவுகள் வந்தன.

அடுத்தது லாரா நிக்லசனின் நீண்ட பயணம். 1999 இல் பன்றிச் செல்களிலிருந்து தமனியை வளர்த்துக் காட்டினார். இதயத் துடிப்பைப் போல விட்டுவிட்டு அழுத்தம் கொடுத்ததே அதன் வலிமைக்குக் காரணம். பின்னர் தானமாகக் கிடைத்த மனித மகாதமனியின் மென்தசைச் செல்களைக் கரையும் நூல் சட்டகத்தில் வளர்த்து, அவை கொலாஜன் சுவரை நெய்தபின் செல்களைக் கழுவி நீக்கும் முறையை, தாம் தொடங்கிய ஹ்யூமசைட் நிறுவனத்தில் உருவாக்கினார். ஆறு மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்தக் குழாய் உக்ரைன் போரில் காயமடைந்தவர்களுக்கு மனிதாபிமான அடிப்படையில் பொருத்தப்பட்டது. 2024 டிசம்பரில் சிம்வெஸ் என்ற பெயரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதி பெற்றது. கை கால் தமனி சிதைந்து உறுப்பே போய்விடும் அவசரத்தில், சொந்தச் சிரை கிடைக்காதபோது பயன்படுத்தலாம். குழாய் கிழிந்து உயிராபத்தான இரத்தப்போக்கு ஏற்படலாம் என்ற எச்சரிக்கையும் அட்டையிலேயே உண்டு. பொருத்தியபின் நோயாளியின் செல்களே மெல்ல உள்ளே குடியேறுவதை, வெளியே எடுத்த மாதிரிகளில் பார்த்திருக்கிறார்கள்.

நுண்குழாய் வலையோடு கூடிய தடித்த உறுப்பு எதுவும் இன்னும் நோயாளிக்கு வழக்கமான சிகிச்சையாக வரவில்லை.

16. குழாய் வளர்வதைத் தூண்டினால் புற்றுநோய் வராதா?

இரண்டு அச்சங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வி.இ.ஜி.எஃப். நல்ல செல்லைப் புற்றுச் செல்லாக்குவதில்லை. ஆனால் ஏற்கெனவே ஒளிந்திருக்கும் கட்டிக்கு உணவு போய்ச் சேர உதவலாம். 2004 இல் அனுமதி பெற்ற பெவாசிசுமாப் என்ற மருந்து இந்தப் புரதத்தைத் தடுத்தே வேலை செய்கிறது. ஆகவே புற்றுநோய் வரலாறு உள்ளவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. மற்றது ஐபிஎஸ் செல் தொடர்பானது: முழுதாக மாறாத செல் ஒன்று தப்பிப் போனால் டெரட்டோமா என்ற கட்டி வரலாம். அதனால் பொருத்துவதற்கு முன் மாறாத செல்களைத் தேடி நீக்குவது தனி வேலையாகவே நடக்கிறது.

17. அம்மாவுக்குச் சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். ஸ்டெம் செல் ஊசி போட்டால் புதுக் குழாய் வளரும் என்று ஒரு கிளினிக்கில் பெரிய தொகை கேட்கிறார்கள். கட்டலாமா?

அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். இந்தியாவில் 2017 இன் தேசிய வழிகாட்டு நெறிகளின்படி, அங்கீகரிக்கப்பட்ட இரத்த நோய்ச் சிகிச்சைகளையும், மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு குறிப்பிட்ட நோய்க்கென அனுமதித்த பொருள்களையும் தவிர, ஸ்டெம் செல்லை மருத்துவ ஆய்வாகத்தான் பயன்படுத்தலாம். எந்தப் பொருள், எந்த நோய்க்கு, யார் அனுமதித்தது என்று எழுத்தில் கேளுங்கள். ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண் இருக்க வேண்டும். பயன் உறுதியாகாத சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்குவது தவறு.

அதற்கு முன், காலின் இரத்த ஓட்டத்தை டாப்ளரில் பார்த்துவிட்டீர்களா? அடைப்பு இருந்தால் பலூன் சிகிச்சையோ பைபாஸோ செய்ய முடியுமா என்று இரத்தக் குழாய் அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். பலரின் காலை இந்தப் பழைய வழிகளே காப்பாற்றிவிடுகின்றன. தாமதம்தான் காலைப் பறிக்கிறது.

18. உறுப்பு வர நாளாகும் என்றால் இந்த ஆராய்ச்சியால் இன்றைக்கு என்ன பயன்?

நோயை மனிதத் திசுவிலேயே பார்க்க முடிகிறது. 2019 இல் வியன்னாவில் பென்னிங்கர் குழு ஐபிஎஸ் செல்களிலிருந்து இரத்தக் குழாய் உருண்டைகளை வளர்த்து, சர்க்கரை மிகுந்த, அழற்சியுள்ள சூழலில் வைத்தது. நீரிழிவு நோயாளிகளின் நுண்குழாய்களில் காணப்படும் அதே அடிச்சவ்வுத் தடிப்பு அதில் உருவானது; அதைத் தடுக்கும் ஒரு வழியையும் அதே மாதிரியில் சோதித்தார்கள். 2020 இல் கொரோனா வைரஸ் மனித இரத்தக் குழாய்த் திசுவை நேரடியாகத் தாக்க முடியும் என்று காட்டவும் அதே உருண்டைகள் உதவின. எலியில் தெரியாதது பல இதில் தெரிகிறது.

19. சரி, முழுச் சிறுநீரகம் எப்போது வரும்?

ஆண்டு சொல்ல மாட்டேன். சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். இன்றைய நிலையை அளக்க ஒரு கோல் இருக்கிறது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமனுள்ள மனிதத் திசுவை 30 நாட்கள், 85 சதவீதத்துக்கு மேல் செல்கள் உயிரோடு இருக்க ஆய்வகத்தில் காக்க வேண்டும் என்று நாசா ஒரு பரிசுப் போட்டியை அறிவித்திருந்தது. 2021 இல் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட்டைச் சேர்ந்த இரண்டு குழுக்கள் கல்லீரல் திசுவில் அதை எட்டின; முதல் பரிசு மூன்று லட்சம் டாலர். மனிதச் சிறுநீரகம் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம். அதில் ஏறத்தாழ பத்து லட்சம் வடிகட்டி முடிச்சுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் அழுத்தம் தாங்கும் நுண்குழாய்ச் சுருள்.

வரிசை எப்படி இருக்கும் என்று என் கணிப்பைக் கேட்டால்: ஒற்றைக் குழாய்கள் வந்துவிட்டன, அடுத்து இதயத்தில் ஒட்டும் மெல்லிய ஒட்டுத்திசு, பிறகு, செயலிழந்த கல்லீரலுக்குத் துணையாகச் சிறு துண்டு. முழுச் சிறுநீரகம் அதற்கெல்லாம் பின்னால். அதுவரை காத்திருப்போருக்கு இருப்பது உறுப்பு தானம்தான். விருப்பமுள்ளவர்கள் அதை வீட்டாரிடம் இப்போதே சொல்லிவைப்பது நல்லது, ஏனெனில் அந்த நேரத்தில் முடிவெடுப்பவர்கள் அவர்கள்தான்.

20. நான் பன்னிரண்டாம் வகுப்பு. இந்தத் துறைக்குப் போக என்ன படிக்க வேண்டும்?

உயிரித் தொழில்நுட்பம், உயிர்மருத்துவப் பொறியியல், மருத்துவம், வேதிப் பொறியியல் என எந்த வழியாகவும் வரலாம். ராகேஷ் ஜெயின் வேதிப் பொறியாளர், ஃபோக்மனும் ஷினோகாவும் அறுவை மருத்துவர்கள். உயிரியல் எடுத்தவர்கள் கணிதத்தை விட்டுவிடாதீர்கள்: ஆக்சிஜன் எவ்வளவு தூரம் பரவும், குழாயில் அழுத்தம் எப்படிக் குறையும் என்பதெல்லாம் கணக்குதான். கல்லூரியில் சேர்ந்ததும் செல் வளர்ப்புக் கூடம் உள்ள ஆய்வகத்தில் விடுமுறைப் பயிற்சி கேளுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை செல்களின் வளர்ப்புத் திரவத்தை மாற்றுவது, கிருமி புகாமல் கை வேலை செய்வது, நன்றாக இருக்கும் செல்லையும் தளர்ந்த செல்லையும் பார்த்தவுடன் பிரித்தறிவது ஆகியவை அங்கே நின்று செய்தால்தான் வரும்.